எரநூத்திப் பன்னெண்டாம் பக்கம்

குந்து நைனா. நின்னுகினே இருந்தா நான் எப்டி பேசறது? எறாப் பைய அந்த மூலைல வையி. டேபிள் மேல வேணாம், கேஸ் பேப்பரு நனையும். வக்கீல் சார் வெளிய போயிருக்காரு, வந்துடுவாரு.

நீ இன்னா கேக்குறன்னு புரியாம இல்ல. கிழிக்கச் சொல்லல, ஒளிக்கச் சொல்லல. இண்டெக்ஸ்ல தீர்மானங்கள்னு ஒரே தலைப்பு போட்டு அந்த எரநூத்திப் பன்னெண்டாம் பக்கத்தையும் அதுக்குள்ள தள்ளிடுங்கிற. பலே ஆளு நைனா நீ! ஆறு மாசம் கம்ப்யூட்டர் முன்னாடி குந்தி நான் கத்துகினத, பழவேற்காடு பஸ்ஸுல வர்றதுக்குள்ள கண்டுபுடிச்சிட்ட.

கத்துக் குடுத்தவங்க மொதல்ல எனக்கு ஒரு சமையல் புஸ்தகம் குடுத்தாங்க, எது எந்தப் பக்கத்துல இருக்குதுன்னு இண்டெக்ஸ் போட. மீன் கொழம்புன்னு போட்டு, பக்கத்துல நாப்பது பக்க நம்பர வரிசையா அடிச்சேன். மூஞ்சில அடிச்சாப்ல திருப்பி அனுப்பிட்டாங்க. கெழங்கா மீனு வாங்கினு வந்தவ நாப்பது பக்கமும் பொரட்டுவாளான்னு கேட்டாங்க. தேடி வர்றவங்க எந்தப் பேரச் சொல்லித் தேடுவாங்கன்னு யோசிக்கணும். அவ்ளோதான் இந்தத் தொழிலு.

இந்தக் கட்டு எண்ணூறு பக்கம். கோர்ட்டு கேட்டுச்சுன்னு ஊர்ல நீங்களே கட்டிக் குடுத்தது. அதுல பாதிக்கு மேல ஊர்க்கூட்டத் தீர்மானம். நீ சொல்றாப்ல போட்டா ஜட்ஜம்மா எங்க போயித் தேடுவாங்க? பொதைக்கிறதும் அதுவும் ஒண்ணுதான்.

சார் கேஸ் நடத்துறது அங்காளம்மா அத்தைக்காக, அவங்களுக்கு அந்த ஒரு பக்கம்தான் இருக்குது. ரங்கன் மாமா ஏரில செத்தப்புறம், ஆளுக்கு இன்ன நாளுன்னு ஊர் பிரிச்சுக் குடுத்ததுல அவரு வலை போடுற மொறை பொண்டாட்டிக்கே சேரும், கூலியாள வெச்சு போட்டுக்கலாம்னு ஊரே ஒத்துகினு எழுதினது. இப்போ அப்டி எழுதவே இல்லன்னு சாதிக்கிறீங்க. ஏன்னா அந்த மொறைல நம்ம விக்கி எறா அள்ளுறான். கூடப் பொறந்தவன்தான், அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?

கத்தாத. பக்கத்துல ஜெராக்ஸ் கடை, எல்லாம் கேக்கும். ஊர விட்டுத் தள்ளி வெப்பாங்களா? வெக்கட்டும். பயம் இல்லன்னு யாரு சொன்னா? இந்தா, கையத் தொட்டுப் பாரு, ஜில்லுனு கெடக்குது. நீயும் அம்மாவும் அந்தத் தெருவுல எப்டி நடப்பீங்கன்னு நெனச்சுகினேதான் இத்த டைப் அடிச்சேன்.

ஐயோ, அந்தக் கட்டத் தொடாத நைனா! கீழ வையி. சரி, பாக்கணுமா? பாரு. கடைசில இருக்குது இண்டெக்ஸு, மொதல் வரிலயே அங்காளம்மாள். தீர்மானத்துல ரங்கன் மனைவின்னுதான் இருக்குது, அவங்க பேரக் கூட எழுதல நீங்க. அவங்க வந்து தேடுனா தன் பேரத்தானே தேடுவாங்க? அதான் பேரப் போட்டு, ஒரே ஒரு நம்பர் குடுத்தேன்.

இரு, போனு அடிக்குது. சொல்லுங்க சார். வாங்கிகினாங்களா? சரி சார். சரி.

இண்டெக்ஸ் பக்கத்தக் கிழிச்சிட்டியா? பரவால்ல, அது நகலு. ஒரிஜினல சார் எடுத்துனு போயி ரொம்ப நேரமாவுது. இப்பதான் கோர்ட்டுல வாங்கிகினாங்களாம். நீ குறுக்க போயி அவர மறிக்கக் கூடாதுன்னுதான் நானும் இவ்ளோ நேரம் வாய் ஓயாம பேசினேன்.

கிழிக்காத பாதியையும் படிச்சுக்கோ. பூபதி, தீர்மானம் எழுதியவர், எரநூத்திப் பன்னெண்டு. உன் பேருதான். அன்னிக்கு நீ அழுதுகினே எழுதினன்னு அம்மா சொல்லும்.

எறாவ எடுத்துனு போ நைனா, ஐஸு கரையுது. போற வழில அங்காளம்மா அத்தை வூட்ல குடுத்துட்டுப் போ. அவங்க மொறைல வுழுந்ததுதானே.