கெடுவதற்கு முன்பே மாற்றுகிறவன்

டீ நன்றாக இருக்கிறது இன்ஸ்பெக்டர் சார். வேலை விஷயமாக எனக்கு ஒருவர் டீ வாங்கிக் கொடுப்பது இதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பழுதாகும் முன்பே பார்த்துப் பாகம் மாற்றுவது என் வேலை. விசிறிச் சத்தம் லேசாக மாறினாலே கழற்றிவிடுவேன். அதனால் கீழ்த்தளத்தில் எதுவும் நின்றதே இல்லை. எதுவும் நிற்காத இடத்தில் என்னை யார் தேடுவார்கள்?

மேல்மாடிக் கம்ப்யூட்டர்கள் என் சகலையின் பொறுப்பு. மனைவியின் தங்கையைக் கட்டியவன். வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். அவன் எதையும் முன்கூட்டித் தொடமாட்டான். நின்றுபோனதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடுவான். நர்சுகள் டீ கொடுப்பார்கள். வீட்டில் மாமனார் தலையில் தூக்கிவைத்து ஆடுவார்.

"சின்ன மாப்ள கெட்டதைச் சரிபண்றாரு. பெரிய மாப்ள நல்லா ஓடுறதைக் கழட்டிப் போடுறாரு" என்பார். என் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். வயிறு எரியும் சார், சொல்வதற்கென்ன.

ஒருநாள் நான் கழற்றிய ஒரு பவர் சப்ளையில், கண்டென்சர்கள் என்கிற சின்ன உருளைகள் தலை உப்பியிருந்தன. கொண்டுபோய் மாமாவிடம் காட்டினேன்.

"ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு?"

"ஓடுச்சு மாமா. ஆனா எப்ப வேணா நின்னுடும்."

"நின்னா சின்னவரு பாத்துக்குவாரு, விடுங்க மாப்ள."

அதை நான் தூக்கிப் போடவில்லை.

பிறகு மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து மேல்மாடியில் சேர்த்தார்கள். அங்கே எல்லோருடைய இதயத் துடிப்பையும் ஒரே கம்ப்யூட்டர்தான் கவனிக்கிறது. துடிப்பு தடுமாறினால் நர்சுக்கு மணியடிக்கும். அன்று ராத்திரி, பராமரிப்பு என்று நர்சிடம் சொல்லி அதிலிருந்த நல்ல பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு, உப்பியதை மாட்டினேன். சகலையின் மாடியில் ஒன்று நிற்கட்டும், நான் ஓடி வந்து சரிசெய்வதை மாமா படுத்தபடியே பார்க்கட்டும் என்றுதான். வேறு கெட்ட எண்ணம் கிடையாது. நல்லதைப் பையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் காத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் திரை அணைந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உடனே போகவில்லை. யாராவது கூப்பிட்டால்தானே ஓடுவதில் அர்த்தம். நர்ஸ் வேறு கட்டிலில் இருந்தார். அந்த நேரத்தில் மாமாவின் துடிப்பு தடுமாறியிருக்கிறது. மணி அடிக்கவில்லை.

மாமாவின் கட்டிலருகே இருந்த அத்தை அலறியதும் ஓடினேன். மாட்டினேன். திரை வந்துவிட்டது. சகலைகூட இத்தனை சுருக்காக மாற்றியதில்லை. ஆனால் மாமா போய்விட்டிருந்தார்.

அத்தையாவது பார்த்திருப்பார் என்று திரும்பினேன். அவர் சகலையின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். இத்தனைக்கும் அவன் கையில் ஒரு ஸ்குரூடிரைவர்கூட இல்லை சார்.