முத்திரை ஒட்டாத கடிதங்கள்

அந்தக் கதிரையில இருக்காதேங்கோ பிள்ளை. இஞ்சால யன்னலோரம் வந்து இருங்கோ. இல்லையில்லை, உடைஞ்சதில்லை, நல்ல கதிரைதான். நூற்றைம்பது வருசமா அதில கிடக்குது. இந்த வீட்டுப் பிரபுவின்ர மகள் ஒட்டீலியே இருந்து கடிதம் எழுதின கதிரை. செவ்வாய்க்கிழமையில நான் இந்த அறை துடைக்க வரேக்க, பேனை கடுதாசியில கீறுற சத்தம் கேக்கும். சிரியுங்கோ, சிரியுங்கோ. பதினொரு வருசமா இஞ்ச துப்புரவு வேலை செய்யிறன், முந்தி எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

பொன் நகரத்தில இருந்து நிருபமா எண்டு ஒரு பிள்ளை வருது, கடிதங்களைப் பாத்துப் புத்தகம் எழுதப் போகுது எண்டு இந்த வீட்டுச் சொந்தக்காரர் சொன்னவர். தமிழ்ப் பிள்ளை எண்டதும் எனக்குப் புழுகம் தாங்கேல்லை. ஓம், நானும் எல்லாம் வாசிச்சனான். பழைய எழுத்து எனக்கு விளங்காது, வீட்டுச் சொந்தக்காரர் டைப் அடிச்சு ஃபைல்ல போட்டிருக்கிறார். முப்பத்தைஞ்சு வருசத்துக்கு மேல இந்த ஜெர்மனியில இருந்திட்டு அந்தளவு டொச் பாஷை தெரியாட்டி என்ன?

உங்கட குறிப்புக் கொப்பியும் டொச்சில கிடந்தபடியா, தேத்தண்ணி வைக்கேக்க வாசிச்சுப்போட்டன். கோவியாதேங்கோ. ஒட்டீலியே பொய்க்காரி, தாயை ஒன்பது வருசம் ஏமாத்தினவள் எண்டு எழுதியிருக்கிறியள். அதை மட்டும் வெட்டிவிடுங்கோ பிள்ளை. கெஞ்சிக் கேக்கிறன்.

ஓம், பொய்தான். ஆர் இல்லையெண்டது? தம்பி கொன்ராட் பிரேசிலுக்குப் போய்க் காய்ச்சல்ல செத்திட்டான். செய்தி வந்த கடிதம் இவளின்ர கையிலதான் கிடைச்சது. தாய் நெஞ்சு வருத்தக்காரி. இவள் அதை ஒளிச்சுப்போட்டு, தம்பி எழுதிற மாதிரித் தானே எழுதத் துவங்கினாள். ரெண்டு பேருக்கும் ஒரே வாத்தியார், ஒரே கையெழுத்து. தாய் எழுதிற பதிலைத் தபால்ல போடுறன் எண்டு வாங்கி, இந்த மேசை லாச்சிக்குள்ள வைச்சாள். பாருங்கோ, ஒண்டிலயும் முத்திரை இல்லை.

அந்தத் தாய் மனிசி என்னத்தை எழுதேல்லை! பியானோ சுருதி விட்டிட்டுது, சமையல்காரி கோவிச்சுக்கொண்டு போட்டாள், நத்தார் பண்டிகைக்கு எட்டு வாத்து அடிச்சது. செத்த பிள்ளைக்கு வீட்டுப் புதினம் முழுக்கப் போகுது. 

ஆனா நீங்கள் ஒண்டைக் கவனிக்கேல்லை. முதல் ரெண்டு வருசமும் ஒவ்வொரு கடிதத்தின்ர அடியிலயும், கூட அனுப்பிற பார்சல்ல என்ன இருக்குது எண்டு எழுதியிருக்கிறா. கம்பளிச் சொக்ஸ் ஆறு சோடி, பிளம்ஸ் ஜாம் நாலு போத்தல். பிரேசில் வெக்கைக்குக் கம்பளிச் சொக்ஸ்! அது இண்டைக்கும் மேல பெட்டிக்குள்ள கிடக்குது, ஒரு காலும் போடாதது. அதுக்குப் பிறகு பார்சல் இல்லை. கடிதம் மட்டும் இருக்குது, அதே அன்பு, அதே புதினம்.

வசதி குறைஞ்சதோ? எட்டு வாத்து அடிக்கிற வீட்டிலயோ? இல்லைப் பிள்ளை. மனிசிக்குத் தெரிஞ்சிட்டுது. எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது. செத்தவனுக்குச் சொக்ஸ் என்னத்துக்கு? ஆனா கடிதத்தையும் நிப்பாட்டினா, தனக்குத் தெரியும் எண்டது மகளுக்கு விளங்கிப்போம். அவளுக்காகத்தான் மிச்ச ஏழு வருசமும் எழுதினவ. இதில ஆர் ஆரை ஏமாத்தினது, சொல்லுங்கோ பாப்பம்.

நானோ? போன செவ்வாய்தான் இந்தப் பார்சல் விசயத்தைக் கண்டுபிடிச்சனான். தூசுத் துணியோட இதிலயே நிண்டிட்டன். அந்தப் பேனைச் சத்தம் எனக்குப் புதிசில்லை. இந்த வீட்டுக்கு வரமுன்னமே தெரிஞ்ச சத்தம்.

என்ர தம்பி சதீசன் தொண்ணூற்றொண்டில கள்ளமா எல்லை கடத்திற ஏஜென்சிக்காரரோட மொஸ்கோவால வந்தவன். போலந்துக் காட்டுக்குள்ள பனியில விறைச்சுச் செத்துப்போனான். கூட நடந்து வந்த றெக்ஸ் எண்ட பெடியன்தான் என்னட்ட வந்து சொன்னவன். நான் அவன் எழுதிற மாதிரி ஊருக்கு எழுதினன்: அம்மா, நான் சுகமா வந்து சேந்திட்டன், அக்காவோட இருக்கிறன் எண்டு. ரெண்டு பேரும் ஒரே கொப்பியில எழுதிப் பழகினனாங்கள். கொழும்பால வாற ஆக்களிட்ட அம்மா ரெண்டு பார்சல் குடுத்துவிடுவா, மிளகாய்த்தூளும் பனங்கட்டியும். ஒண்டில என்ர பேர், மற்றதில அவன்ர பேர். அவன்ரயை நான் பிரிக்கேல்லை, எங்கட வீட்டு நிலக்கீழ் அறை, கெல்லருக்குள்ள கிடக்குது. தொண்ணூற்றைஞ்சில என்ர பேரில ஒரு பார்சல்தான் வந்தது. சண்டைக் காலம், மற்றது வழியில துலைஞ்சிருக்கும் எண்டு நினைச்சன். அடுத்த முறையும் ஒண்டுதான் வந்தது.

பிறகு ஊருக்குப் போன் வந்திட்டுது. ஞாயிற்றுக்கிழமையில எடுப்பன். தம்பி வேலைக்குப் போட்டான், தம்பி குளிக்கிறான் எண்டு ஒவ்வொரு கிழமையும் ஒரு சாட்டு ஆயத்தமா வைச்சிருப்பன். தம்பிக்கும் சுகம் சொல்லு எண்டுவா. அவனிட்டப் போனைக் குடு எண்டு, சாகுமட்டும் பதினாலு வருசம், அம்மா ஒருநாளும் கேக்கேல்லை.