நாங்கள் கண்டுபிடித்தோம்

செடி வளர்ப்பதில் எனக்குக் கைராசி கிடையாது. "ஒரு ரோஜாவப் பொழைக்க வைக்கத் துப்பில்ல, இவரு கல்லு வளக்குறாராம்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி சொல்லுவாள். கல் என்றால் படிகம், கடுகத்தனை இருக்கும். பொடிகளைக் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் போட்டு, வாயை உருக்கி மூடி, உலையில் வைத்து மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை, ஐயா.

நான் வளர்ப்பேன், வேறொரு ஊர் ஆய்வகத்தில் இருந்த ஒருத்தி அளப்பாள். கல்லை உறைகுளிரில் வைத்து, மின்சாரம் அதில் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஐஸ் மேடம் என்போம். எட்டு வருடத்தில் இருநூற்றுப் பதினோரு கல் அனுப்பினேன். கடைசிக் கல்லில் மின்சாரம் கொஞ்சமும் தடையில்லாமல் ஓடியது.

அதை ஒரு கருத்தரங்கில் மேடையேறிச் சொன்னாள். நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "நாங்க கண்டுபிடிச்சோம்" என்றாள். நாற்பது நிமிடத்தில் பத்தொன்பது முறை 'நாங்கள்'. ஒரு தடவைகூட 'நாம்' இல்லை. நாம் என்றால் நானும் உண்டு. நாங்கள் என்றால் அவளும் அவள் ஆட்களும். அன்றே அவள்மேல் வெறுப்பு வந்துவிட்டது, ஒளிப்பானேன். எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன்.

அடுத்த மாதம் அவளே என் ஆய்வகத்துக்கு வந்தாள்.

"கல்லு வளக்கக் கத்துக்கணும் சார். ஒரு வாரம் உங்க உயிர எடுக்கப்போறேன்."

இனிமேல் கல்லுக்கும் என் தயவு வேண்டாம் என்று புரிந்துகொண்டேன். "தாராளமா" என்றேன்.

நன்றாகவே கற்றுக்கொடுத்தேன். ஐந்தாம் நாள் தன் கையாலேயே ஒரு குழாயை மூடி என்னிடம் நீட்டினாள். உள்ளே ஆர்சனிக், கொடிய விஷம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் மயிரிழை அளவுக்குக் கீறல். அப்படிப்பட்ட குழாய் சூடேற ஏற, உள்ளே அழுத்தம் கூடி வெடித்துவிடும். அந்த மாதிரி நூறு குழாயாவது நான் குப்பையில் போட்டிருக்கிறேன்.

"எப்படி சார் இருக்கு?"

"பிரமாதம். மொதக் குழாய்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

அவளுக்கு வாயெல்லாம் பல்.

உலைக்கு முன்னால் ஒரு தடுப்புத் தகடு உண்டு. பார்க்க இடைஞ்சல் என்று அதை நான்தான் கழற்றி வைத்தேன். "மூணு மணி வாக்குல கிட்டப் போய்ப் பாருங்க, உள்ள நிறம் மாறும்" என்றேன். நிறம் எதுவும் மாறாது. சத்தம் கேட்டபோது கீழ்த்தளத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் மேலே போனேன். மறுநாள் காலை அவள் இறந்தாள்.

மருத்துவமனை வாசலில் அவள் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "வீட்டுல எப்பப் பாத்தாலும், 'நாங்க ரெண்டு பேரும் கண்டுபிடிச்சது'ன்னு உங்களத்தான் சார் சொல்லிக்கிட்டே இருப்பா."

சபையைப் பார்த்துப் பேசுகிறவள் 'நாம்' என்று சொல்ல முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் சபையில் நானும் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் ஒரு கையாவது காட்டியிருக்கலாம்.

நீங்கள் தட்டச்சு செய்த வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன், ஐயா. எல்லாம் சரி, ஒரே ஒரு திருத்தம். கடைசி வரியில் 'நான் செய்தேன்' என்று போட்டிருக்கிறீர்கள். குழாயை மூடியதும் உலையை முடுக்கியதும் அவள். கிட்டப் போய்க் குனிந்து பார்த்ததும் அவள்தான். என் பங்கை நான் மறைக்கவில்லை. ஆனால் இது கூட்டு வேலை. 'நாங்கள்' என்று மாற்றுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.