புங்கமேட்டு பட்ஜெட்டில் இரண்டு மாடுகள்

1998, ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். போட்ட நாற்காலி இருநூறு, உட்கார்ந்திருப்பவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். எண்ணிவிட்டுத்தான் மேடையேறினேன். எண்ணாமல் எதையும் நம்புவதில்லை என்று ஓராண்டாக எனக்கு ஒரு விரதம்.

ஆறு மணிக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் பொறுமை காத்த அவைத்தலைவர், தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தோராண்டு இரும்பை வளைத்தும் தாம் வளையாத ஃபோர்மேன், எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் குன்றாத குரல், ஐயா சண்முகசுந்தரம் அவர்களே! குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருக்கும் நெல்லைச் சீமையின், தஞ்சைத் தரணியின், தருமபுரி மண்ணின் சொந்தங்களே! இங்கே நெல் விளைந்த நாளிலிருந்து நிலைத்து நிற்கும் பழைய தெருப் பெரியவர்களே! இடுப்பில் குடத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே! அம்மா, குடத்தை இறக்கி வையுங்கள், மேடையில் குழாய் இல்லை. இன்னும் பதினேழு பெயர்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதினேழு பேருக்கும் சேர்த்து, உங்கள் ஒன்பதாவது வார்டு கவுன்சிலர் நாகேந்திரனின் ஒரே வணக்கம். நேரமில்லை!

நான் நாவலனும் அல்லேன், பாவலனும் அல்லேன். டிப்ளமா மெக்கானிக்கல். திருமழிசை எஸ்டேட்டில் வால்வு செய்கிறவன். மயிரிழை பிசகினால் எங்கள் வால்வு ஒழுகும், முதலாளி திட்டுவார். நகராட்சியில் முழம் முழமாகப் பிசகலாம். சால்வை போடுவார்கள்.

நிமிர்ந்து பாருங்கள் எனக்குப் பின்னால்! நெடுநெடுவென்று நிற்கும் நம் மேல்நிலைத் தொட்டியைப் பாருங்கள்! ஒரு லட்சம் லிட்டர். கட்டி நான்காண்டு. கால் இருக்கிறது, வயிறு இருக்கிறது, தலையில் இடிதாங்கி இருக்கிறது, நெற்றியில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கிறது. இல்லாதது எது?

கேட்கவில்லை, இன்னும் உரக்க... ஆம், தண்ணீர்! ஏன் இல்லை? ஏற்றுவதற்கு மோட்டார் இல்லை. ஏன் மோட்டார் இல்லை? பட்ஜெட்டில் இல்லை. ஏன் பட்ஜெட்டில் இல்லை? அதைக் கேட்கவேண்டிய கவுன்சிலர் கேட்கவில்லை. எங்கே அந்தக் கவுன்சிலர்? இதோ, மைக்கைப் பிடித்துக்கொண்டு உங்கள் முன்னால் நிற்கிறான்!

கைதட்டாதீர்கள், இது கைதட்டும் இடமல்ல.

போன ஆண்டு மார்ச் மாதம். நான் புதுக் கவுன்சிலர். வாழ்க்கையில் முதல் பட்ஜெட் கூட்டம். தொண்ணூற்றாறு பக்கப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். திறப்பதற்குள் சேர்மன் அம்மா தாட்சாயிணி அவர்கள் "பட்ஜெட் மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்" என்றார். இருபத்து நான்கு பேரும் மேசையைத் தட்டினார்கள். அவர்களில் நானும் ஒருவன். தட்டினால் என்ன அர்த்தம்? நிறைவேறிவிட்டது என்று அர்த்தம். நான்கு நிமிடத்தில் ஓராண்டு முடிந்தது! ஐந்தாவது நிமிடம் பூந்தமல்லியிலிருந்து வேன் வந்தது, வேனிலிருந்து பிரியாணி வந்தது. பட்ஜெட் நாளில் பிரியாணி என்பது எங்கள் மன்றத்தின் மரபு, மாண்பு, மசாலா!

நான் தின்றேன். இரண்டு பொட்டலம். மறைக்க மாட்டேன்.

கை கழுவிவிட்டு ஊருக்குள் வந்தால், அடிபம்பு வரிசையில் நாகம்மா அக்கா. அதோ, முதல் வரிசையில், பச்சைப் புடவை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னா நைனா, பட்ஜெட்டு பாஸாச்சாமே? எங்க தண்ணி அதுல கீதா?"

நாற்பத்தேழு குடங்களுக்கு நடுவே நான் நின்ற நிலை இருக்கிறதே! இருக்கிறது என்று சொன்னால் பொய். இல்லை என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் படிக்கவே இல்லை. அக்கா என் சட்டையை மோந்து பார்த்தார். "பிரியாணி மட்டும் நல்லா கீது போல" என்றார். அவ்வளவுதான்! அன்று தொடங்கியது என் விரதம்.

பட்ஜெட் எப்படித் தயாராகிறது தெரியுமா? ஒவ்வொரு பிரிவும் தன் தேவையை எழுதும், கணக்குப் பிரிவு தொகுக்கும், ஆணையர் குறிப்பு வைப்பார், மன்றம் அலசி ஆராய்ந்து மார்ச் முடிவதற்குள் ஒப்புதல் தரும். இது விதிப் புத்தகத்தில். நடப்பது என்ன? போன வருடக் காகிதத்தை டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு தொகைக்கும் பத்து சதவீதம் கூட்டி, அப்படியே அடித்து எடுப்பது!

அதே விதிப் புத்தகத்தில் இன்னொரு வரி கிடந்தது. உறுப்பினர் ஒருவர் கேட்டாலும் தலைப்பு தலைப்பாக வாசித்து, தனித்தனியாக ஒப்புதல் வாங்கியே ஆகவேண்டும். அந்த ஒரு வரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போன மாதம் இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றுக்கு மன்றத்துக்குள் போனேன்.

தட்டுவதற்குக் கைகள் உயர்ந்த நேரத்தில் எழுந்தேன். "வாசிக்க வேண்டும்."

"எதை?" என்றார் சேர்மன் அம்மா.

"எல்லாவற்றையும்."

மூத்த கவுன்சிலர் எத்திராஜ் அண்ணன், மன்றத்துக்கு நான் பிறக்குமுன்பே வந்தவர், என் தோளைத் தட்டினார். "இன்னா மாமே, பரீட்சைக்கா படிக்கிற? எத்தினி வருசமா தட்டிகினு கீறோம், மேசையே ஒண்ணும் சொல்லல, நீ இன்னாத்துக்கு பேசற?"

வாசித்தார் கணக்காளர். தலைப்பு ஒன்று, தலைப்பு இரண்டு, தலைப்பு மூன்று... பன்னிரண்டே காலுக்கு வேன் வந்தது. வாசலில் நின்றது. ஆவி வந்தது. அந்த ஆவி அஜெண்டாவில் இல்லை, அனுமதி கேட்கவில்லை, அவைக்குள் நுழைந்தது! ஆளும் கட்சியின் வயிறும் எதிர்க்கட்சியின் வயிறும் ஒரே குரலில் முழங்கிய ஒற்றுமையை அன்றுதான் கண்டேன்.

தலைப்பு அறுபத்தொன்று. சுகாதாரப் பிரிவு. கணக்காளர் வாசிக்கிறார்: "குப்பை வண்டி மாடுகள், இரண்டு. தீவனம், லாடம், மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம். முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூற்று எண்பத்தைந்து ரூபாய்."

நான் கேட்டேன்: "மாடு எங்கே?"

சுகாதாரப் பிரிவு அதிகாரி கூரையில் தேடினார். எத்திராஜ் அண்ணனுக்குப் பசி. பசியில் மனிதனுக்கு உண்மை வந்துவிடும்.

"மாடா? அதுங்க பூட்சே நைனா! தொண்ணூறுல டிராக்டர் வந்துச்சே, அந்த மாசமே ஒண்ணு. அதுக்கப்பால இன்னொண்ணு. நான்தான் மாலை போட்டேன்."

என் மக்களே! செத்து எட்டாண்டு! கால்குலேட்டரை எடுத்தேன். தொண்ணூறில் பதினெட்டாயிரம். வருடத்துக்குப் பத்து சதவீதம், எட்டு வருடம். ரூபாய் பிசகாமல் வருகிறது. உயிரோடு இருந்தபோது பதினெட்டாயிரத்துக்குப் புல் தின்ற மாடுகள், உயிர் போனபின் முப்பத்தெட்டாயிரத்துக்குத் தின்கின்றன! உயிருள்ள நீங்கள் ஒரு குடத்துக்கு ஒன்றரை மணி நேரம் நிற்கிறீர்கள். உயிரில்லாத மாட்டுக்கு ஆண்டுதோறும் கொம்பில் வர்ணம்! இருக்கும் மனிதனுக்கு இல்லை, இல்லாத மாட்டுக்கு இருக்கிறது! இது நகராட்சியா, நந்தி லோகமா?

"யாருடா தின்னான் அந்தத் துட்ட?" என்று கேட்கிறார் பின்னால் டீக்கடை வேம்புலி. நல்ல கேள்வி. நானும் கேட்டேன். வருடக் கடைசியில் அந்தத் தொகை 'இதர செலவினம்' என்ற தலைப்புக்கு மாற்றப்படுமாம். இதர செலவினத்தில் என்னென்ன? பந்தல், மாலை, சால்வை... கணக்காளர் கடைசி வரியை வாசித்தார்: "மன்றக் கூட்ட உணவு."

புரிகிறதா வேம்புலி அண்ணே? மாட்டுக்கு வைத்த தீனியைத் தின்றவர்கள் இருபத்து நான்கு பேர். அதில் இரண்டு பொட்டலம் தின்றவன் ஒருவன். திருட்டு என்று நான் சொல்லமாட்டேன், திருட்டுக்கு மூளை வேண்டும். இது படிக்காமல் தட்டிய பாவம். அந்தப் பாவத்தில் என் கையும் உண்டு!

சேர்மன் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நாகேந்திரா, உனக்கு இன்னாதான் வேணும்? சொல்லித் தொல. சோறு ஆறுது."

மூன்று விலைப்புள்ளிகளை எடுத்து வைத்தேன். ஏழரைக் குதிரைத் திறன் மோட்டார், குறைந்த விலை முப்பத்தேழாயிரத்து இருநூறு. "மாட்டை எடுத்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள்." முதலில் மேசையைத் தட்டியவர் எத்திராஜ் அண்ணன்! பகல் ஒன்று இருபத்திரண்டுக்குத் தீர்மானம் நிறைவேறியது. மற்றவர்கள் சாப்பிட்டு வந்தார்கள், நான் டீ குடித்தேன். மிச்சத் தலைப்புகளையும் மாலை ஐந்தரை வரை வாசிக்க வைத்தேன். ஏழு பேர் தூங்கினார்கள். தூங்கியவர்கள் தட்டவில்லை, அதுவே முன்னேற்றம்.

இப்போது கைதட்டலாம்... போதும், நிறுத்துங்கள்! வெற்றி விழா என்று நினைத்து வந்தீர்களா? அன்று மாலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாகம்மா அக்காவிடம் போனேன். பட்ஜெட்டில் மோட்டார் வந்துவிட்டது என்றேன். அவர் குடத்தை இறக்கவே இல்லை.

"மோட்டாரு சரி. கரண்டு?"

டிப்ளமா மெக்கானிக்கல்! மூன்று பேஸ் மின் இணைப்புக்கு ஒதுக்கீடு கேட்க மறந்துவிட்டேன்! மீந்தது ஆயிரத்து முன்னூற்று எண்பத்தைந்து ரூபாய். இணைப்புக்குக் கட்ட வேண்டியது ஒன்பதாயிரம். மாட்டைப் பிடித்த மயக்கத்தில் கம்பியை விட்டேன். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் அடுத்த பட்ஜெட்டில் அதுவும் பத்து சதவீதம் வளரும்!

உங்களிடம் நன்கொடை கேட்கவில்லை. கண் கேட்கிறேன். மன்றத்தில் பார்வையாளர் பெஞ்சு நாற்பது பேருக்கு உண்டு. அதில் இதுவரை உட்கார்ந்தது ஒரு பூனை. நீங்கள் பார்த்தால் படிப்பார்கள், பார்க்காவிட்டால் தட்டுவார்கள்! உங்கள் பணத்தை உங்கள் முன்னால் வாசிக்க வைப்பது உபகாரமா? உரிமை! உரிமை! உரிமை!

தலைமை தாங்கிய ஐயாவுக்கும், காது கொடுத்த உங்களுக்கும், கேள்வி கொடுத்த அக்காவுக்கும் என் நன்றி. இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை பத்து மணிக்கு மோட்டார் தீர்மானத்தின் கையெழுத்திட்ட நகலை வாங்கி, டீக்கடைச் சுவரில் ஒட்டுவேன்.

2. செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு, மின் இணைப்பு விண்ணப்பத்தை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

3. இருபதாம் தேதி மன்றக் கூட்டத்தில், பந்தல், மாலை, சால்வைத் தொகையிலிருந்து குறைகிற பணத்தைக் கேட்பேன். நாற்பது பேர் பின்னால் வாருங்கள். சோறு கட்டிக்கொண்டு வாருங்கள், அங்கே சாப்பிட வேண்டாம்.

4. மே முப்பத்தொன்றுக்குள் தொட்டியில் தண்ணீர் ஏறாவிட்டால், நகராட்சிக் கொட்டகையில் கிடக்கும் அந்தப் பழைய மாட்டு வண்டியில் பீப்பாயை ஏற்றி, நுகத்தடியில் நானே பூட்டிக்கொண்டு, தெருத் தெருவாகத் தண்ணீர் இழுப்பேன். தீவனம் கேட்கமாட்டேன். வணக்கம்!