விலாச மாற்றம்

தறி வேலை செய்கிறவர்களுக்குக் கைரேகை சுலபத்தில் விழாது, மேடம். விரலை ஈரத் துணியால் துடைத்து, கொஞ்சம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்கள் மற்ற கடைகளைத் தாண்டி என்னிடம் வருவதற்கு அந்தப் பொறுமைதான் காரணம். திருத்தணியில் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் மையம் வைத்திருக்கிறேன். ஆதார், ரேஷன் அட்டை, வருமானச் சான்று எல்லாம் செய்து கொடுப்பேன். தணிகைமணியிடம் காகிதத்தைக் கொடுத்தால் வேலை முடிந்த மாதிரி என்பார்கள்.

வருகிறவர்களின் காகிதங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்தேன். போன வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. எந்த வேலைக்காக ஒருவர் தன் விவரத்தைக் கொடுத்தாரோ அந்த வேலைக்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்த வேண்டும், வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும், அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்குத் தரக்கூடாது. அதை லேமினேட் செய்து சுவரில் ஒட்டினேன். சட்டத்தை மதிக்காதவன் இல்லை நான். ஆனால் அந்தச் சட்டத்தில் ஏற்கெனவே ஒருமுறை முட்டிக்கொண்டவன்.

என் மகள் தீபா போய் இரண்டு வருடம் ஆகிறது. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. திருவாலங்காட்டுப் பையன் ஒருவனோடு பழகுகிறாள் என்று தெரிந்ததும் அறையில் வைத்துப் பூட்டினேன். பதினேழு நாள். வேளாவேளைக்கு ஜன்னல் வழியாகச் சாப்பாடு போனது. கை முறிந்தது கதவில் சிக்கியதால்தான். கதவைச் சாத்தியது நான் என்றாலும் கையை வைத்தது அவள். கட்டுப் போட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது அங்கிருந்தே போய்விட்டாள்.

தேடினேன். "மேஜர் பொண்ணுபா. விலாசத்த யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கு," என்றார் உங்கள் ஸ்டேஷன் ஏட்டு. பேங்கில் என் மகன் வயதில் ஒரு பையன், "அப்பாவா இருந்தாலும் கஸ்டமர் விவரம் தர முடியாதுங்க," என்றான். போன் கம்பெனியிலும் அதே பதில். மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறிச் சாமியிடமும் விலாசம்தான் கேட்டேன். பத்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து அவளிடமும் கேட்டேன். மனைவியிடம் கேட்ட விதத்தை இங்கே சொல்ல வேண்டியதில்லை. அவள் இப்போது நகரியில் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

தீபாவின் ஆதார் எண் எனக்கு மனப்பாடம். தினமும் கடை திறந்ததும் அந்தப் பன்னிரண்டு எண்களைத் தட்டுவேன். ஓடிபி அவள் கையிலிருக்கும் போனுக்குப் போகும். திரையில் ஆறு கட்டங்கள் காலியாக நிற்கும். அவள் அதைப் பார்க்கிறாள், அப்பா கேட்கிறார் என்று அவளுக்குப் புரியும் என்று நினைத்துக்கொண்டு, கட்டங்கள் மறையும் வரை உட்கார்ந்திருப்பேன். எதிரே வாடிக்கையாளர்கள் நிற்பார்கள். நாற்பதாவது நாளோ என்னவோ, எண்ணையே பூட்டிவிட்டாள். ஆதாரைப் பூட்டலாம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்.

இப்படி இருந்தபோதுதான் சுஜாதா வந்தாள். எதிர் அலுவலகத்தில் திருமணச் சான்று வாங்கிவிட்டு, ஆதாரில் விலாசம் மாற்ற வந்தாள். முகத்தில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். வாடகை ஒப்பந்தம், புருஷனின் கம்பெனி அடையாள அட்டை எல்லாம் கொடுத்தாள். வேலை முடிந்தும் போகாமல் நின்றாள்.

"அண்ணா, எங்க பேப்பர டெலிட் பண்ணிடுங்கண்ணா. எங்க நைனா தேடிக்கினு இருக்காரு."

"ஆங், இதோ பண்ணிட்டேம்மா," என்று திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். திரையிலிருந்து அழித்தது கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் அப்படியே இருக்கும். அது அவளுக்குத் தெரியவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பதினோரு நாள் கழித்து அவள் அப்பா ஜம்புலிங்கம் வந்தார். விசைத்தறிக்காரர், சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்து, விரட்டப்பட்டு, கடைகடையாக மகள் படத்தைக் காட்டிக்கொண்டு வந்தார். போனை என் மேசையில் வைத்துவிட்டு அழுதார்.

"நாலு மாசமா சோறு எறங்கலண்ணே. யாரைக் கேட்டாலும் சட்டம் சட்டம்னு சொல்றானுங்க. பெத்தவனுக்கு இல்லாத சட்டமாண்ணே?"

நான் ஏட்டிடம் கேட்ட அதே கேள்வி. அவரை உட்கார வைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். குப்பைத் தொட்டியைத் திறந்தேன்.

அவரிடம் ஒரு பைசா வாங்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் பக்கத்துத் தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் படித்துக் காட்டினேன். அழுகை நின்றது. பையன் எப்போது வேலைக்குப் போவான் என்று கேட்டார். அடையாள அட்டையிலிருந்த பையனின் நம்பருக்கு, கூரியர்காரன் போலப் பேசிக் கேட்டேன். காலை ஷிப்ட், ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவான், வீட்டில் சம்சாரம் இருக்கும் என்றான். மரியாதையான பையன்.

"வூட்டுக்குப் பின்னால வழி இருக்குமாண்ணே?" என்றார் ஜம்புலிங்கம்.

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை, பின்னால் மதில்தான், ஒரே வாசல். பிரிண்ட் எடுத்து, பழக்கத்தில் அடியில் என் மையத்தின் முத்திரையையும் வைத்துக் கொடுத்தேன். அதை வைத்துத்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

அவர் கதவைத் தட்டவில்லையாம். "நைனா வந்திருக்கேம்மா, கதவத் திற," என்று கூப்பிட்டாராம். பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் உள்ளிருந்து ஓடி வந்து திறந்தாளாம். அந்த இடத்தில்தான் எனக்கு மனம் கொஞ்சம் கஷ்டப்பட்டது. பாசம் இருந்திருக்கிறது, பாருங்கள்.

ஜம்புலிங்கம் எதற்குப் போகிறார் என்று தெரியுமா எனக் கேட்டீர்கள். தெரியும். பின்வழியைக் கேட்டதுமே தெரியும். இருந்தும் தேடிப் பார்த்துச் சொன்னேன். சுஜாதாவின் சாவுக்கு வழிகாட்டியது நான்தான், யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இந்த ஊரில் ஒரு தகப்பனுக்காவது கேட்டது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அவர் போனபிறகு, ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

"உங்க பொண்ணு விலாசத்த ஒருத்தரும் குடுக்கல. அதனாலதான் அது இன்னிக்கு உயிரோட இருக்கு," என்றீர்கள், பிரேமா மேடம். உங்கள் உத்தியோகத்தில் அப்படித்தான் தோன்றும். ஜம்புலிங்கம் முன்கோபி. நான் எதையும் யோசித்துச் செய்கிறவன்.

கைதான தகவலை உறவினர் ஒருவருக்குத் தெரிவிக்க வேண்டும், யாருக்கு என்று கேட்டீர்கள். தீபாவுக்கு அனுப்புங்கள். வேறு யாரும் எனக்கு இல்லை. உங்கள் கோப்பில் அவள் விலாசம் இருக்கும். நீங்கள் படித்துக் காட்டினால் போதும், உறையின் மேல் நானே எழுதித் தருகிறேன். அப்பா கையெழுத்தைப் பார்த்தால் பிள்ளை சந்தோஷப்படும்.