படலையடியில் இருமல்

ஜெகதீஸ்வரி: உந்தப் படத்தைப் பாக்காமல் கதையுங்கோ தம்பி. அவர் ஒண்டும் செய்யமாட்டார்.

சுதாகரன்: நான் பாக்கேல்லை அக்கா...

ஜெகதீஸ்வரி: வந்ததில இருந்து கதிரையை அங்கால இங்கால இழுத்துக்கொண்டு இருக்கிறியள்.

சுதாகரன்: இல்லை... அண்ணை என்னையே பாக்கிற மாதிரிக் கிடக்கு.

ஜெகதீஸ்வரி: அவர் ஆரோட கதைச்சாலும் நேராப் பாத்துத்தான் கதைப்பார். கோயில் திருவிழாவில அறிவிப்புச் செய்யேக்கயும் அப்பிடித்தான். அந்தக் குரலுக்குத்தானே நீங்களும் முந்தி வவுனியாவில இருந்து தேடி வந்தனீங்கள்.

சுதாகரன்: குரலெண்டா அது குரல் அக்கா. பரந்தனில நிண்டு கதைச்சா கிளிநொச்சியில மைக் தேவையில்லை.

ஜெகதீஸ்வரி: பகிடியை விடுங்கோ. நீங்களா வந்தது நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு விசயம்தான் வேணும். அந்தக் குரல் இனி எங்கட ஒழுங்கையால வரக்கூடாது. மனுசன் செத்தது தை மாசம். இன்னமும் விளக்கு வைக்கிற நேரம் பாத்து ஓட்டோவில வந்து கத்துறார்.

சுதாகரன்: அது அண்ணை உயிரோட இருக்கேக்க எங்கட மன்றத்துக்குப் பேசிக் குடுத்ததுதானே. புகைப்பவர் உரிமை மன்றம். பழைய பதிவு...

ஜெகதீஸ்வரி: பழசோ?

சுதாகரன்: ஓம்.

ஜெகதீஸ்வரி: கடையளில தனிச் சிகரெட் விக்கிறதை நிப்பாட்டப் போயினம் எண்டு கதை வந்தது எப்ப?

சுதாகரன்: போன மாசம்...

ஜெகதீஸ்வரி: அதை எல்லாரும் எதிர்க்க வேணும் எண்டு முந்தநாள் எங்கட வாசல் படலையடியில சொல்லிக்கொண்டு போறார். தை மாசம் செத்த மனுசனுக்கு அது என்னண்டு தெரியும்?

சுதாகரன்: அண்ணைக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் அக்கா...

ஜெகதீஸ்வரி: உண்மையைச் சொல்லுங்கோ தம்பி.

சுதாகரன்: கொம்பியூட்டரில செய்யிறது அக்கா. கொழும்பில ஒரு பெடியன். அண்ணை முந்திப் பேசினதைக் குடுத்தம். இப்ப என்னத்தை எழுதிக் குடுத்தாலும் அவற்ற குரலில வரும்.

ஜெகதீஸ்வரி: எழுதுறது ஆர்?

சுதாகரன்: மன்றம்தான்.

ஜெகதீஸ்வரி: மன்றத்தில எத்தினை பேர்?

சுதாகரன்: நிறையப் பேர்...

ஜெகதீஸ்வரி: ஒரு கூட்டத்தையும் நான் காணேல்லையே.

சுதாகரன்: நானும்... ஓட்டோ ஓடுற ரஜிதனும்.

ஜெகதீஸ்வரி: ரஜிதன் வெத்திலையும் போடாத பெடியன்.

சுதாகரன்: நானும் சிகரெட் பத்துறேல்லை அக்கா. மனிசி வீட்டுக்குள்ள விடமாட்டா.

ஜெகதீஸ்வரி: நல்ல மன்றம். அப்ப ஓட்டோவுக்குப் பெற்றோல் ஆர் அடிக்கிறது?

சுதாகரன்: அதை விடுங்கோ...

ஜெகதீஸ்வரி: விடமாட்டன். நீங்களும் ஏதோ கேக்கத்தான் வந்திருக்கிறியள். மடியில ஒரு கடதாசிச் சரையை வைச்சுத் தடவிக்கொண்டிருக்கிறியள். முதல்ல எனக்குச் சொல்லுங்கோ, பேந்து நான் கேக்கிறன்.

சுதாகரன்: ஒரு சிகரெட் கொம்பனி அக்கா. நேரா இல்லை. இடையில ஒரு விளம்பரக் கந்தோர் நிக்குது. கொம்பனி வாய் திறந்தா ஒருத்தரும் நம்பாயினம், வயல் செய்யிற மனுசன் ஒருத்தர் சொல்ல வேணும் எண்டவை.

ஜெகதீஸ்வரி: அவருக்குத் தெரியுமோ?

சுதாகரன்: தெரியாது. தன்னை மாதிரிப் பத்துற சனத்துக்காகக் கதைக்கிறன் எண்டுதான் நினைச்சவர். மன்றத்தின்ர தொப்பி ஒண்டு குடுத்தனாங்கள். அதுக்கே அவ்வளவு சந்தோசம்.

ஜெகதீஸ்வரி: ஆசுப்பத்திரிக் கட்டிலிலயும் அதைப் போட்டுக்கொண்டுதான் கிடந்தவர். சொல்லு வராமல் மூச்சு மட்டும் வந்த நாளிலயும்... சரி. உங்கட காரியத்தைச் சொல்லுங்கோ.

சுதாகரன்: எட்டுச் செலவுக்கு அண்ணைக்குப் பிடிச்சதெல்லாம் படைச்சனீங்களோ?

ஜெகதீஸ்வரி: உதென்ன கேள்வி? செத்து எட்டாம் நாள் படைக்காமல் விடுவினமோ? றால் குழம்பு, கணவாய்ப் பொரியல், மரவள்ளி... எல்லாம்தான் வைச்சனான்.

சுதாகரன்: சிகரெட்?

ஜெகதீஸ்வரி: வைக்கேல்லை. அவற்ற தமையன் வைக்கச் சொல்லிப் பெரிய சண்டை. நான் மாட்டனெண்டிட்டன்.

சுதாகரன்: அதுதான் அக்கா. அதுதான்...

ஜெகதீஸ்வரி: எது?

சுதாகரன்: ரஜிதன் இனி இந்த ஒழுங்கைக்கு வரமாட்டனெண்டு நிக்கிறான். உங்கட படலையடிக்கு வந்தா, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில அண்ணை இருமுறாராம். நாங்கள் இருமல் போடேல்லை. கொழும்புப் பெடியனும் போடேல்லையாம். வேற ஒரு இடத்திலயும் இல்லை, இஞ்ச மட்டும்தான்... உங்களுக்குக் கேக்கேல்லையோ?

ஜெகதீஸ்வரி: இருங்கோ. தேத்தண்ணி கொண்டுவாறன்.

சுதாகரன்: லைட்டைப் போட்டிட்டுப் போங்கோ அக்கா, இருட்டுது... இப்ப ரஜிதன் வருவான். கடைசியா ஒருக்கா வாடா, நானும் என்ர காதால கேக்கிறன் எண்டு சொன்னனான்... அக்கா? குசினிக்குள்ளயோ நிக்கிறியள்?

கனகலிங்கத்தின் குரல்: அன்பான பரந்தன் மக்களே, உங்கட கனகலிங்கம் பேசுறன். என்ர காசு, என்ர நெஞ்சு, என்ர உரிமை...

சுதாகரன்: முருகா...

கனகலிங்கத்தின் குரல்: நான் பத்துறதால மற்றவனுக்கு என்ன நட்டம்? என்ர காசு, என்ர நெஞ்சு...

சுதாகரன்: ஹலோ, ரஜிதன்... ஓமடா, கேட்டது. இருமல்தான். ஸ்பீக்கரை நிப்பாட்டு. நிப்பாட்டடா... என்ன, நிப்பாட்டிட்டியோ? ... ஓம். எனக்கும் இருமல் இன்னும் கேக்குது.

ஜெகதீஸ்வரி: இந்தாங்கோ தேத்தண்ணி. ஏன் தம்பி எழும்பி நிக்கிறியள்?

சுதாகரன்: எங்க போனனீங்கள் இவ்வளவு நேரமும்? ... அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன். இந்தச் சரையை அவற்ற படத்துக்கு முன்னால வையுங்கோ. அண்ணை பத்தின அதே சிகரெட். ஒண்டைப் பத்தவைச்சு விட்டீங்களெண்டா அவற்ற ஆசை அடங்கும். இருமலும் நிண்டிடும்.

ஜெகதீஸ்வரி: நிண்டா? ஓட்டோ திருப்பி வருமோ?

சுதாகரன்: வரும்... கொழும்புக்காரர் விடாயினம்.

ஜெகதீஸ்வரி: அப்ப வைக்கமாட்டன்.

சுதாகரன்: மனுசன் அலையிறார் அக்கா. உங்களுக்குப் பாவமாயில்லையோ?

ஜெகதீஸ்வரி: அவர் அலையேல்லை, போயிட்டார். அந்தக் குரல் பொய்யெண்டு தெரிஞ்சும், ஒழுங்கை முனையில கேட்டவுடன வேலியடிக்கு ஓடுறது நான்தான். இப்பவும் குசினிப் பின்பக்கத்தால போய் அங்கதான் நிண்டனான். மற்றவனுக்கு என்ன நட்டம் எண்டு அவர் கேக்கேக்க எனக்கு இருமல் வந்திடும், சீலைத்தலைப்பை வாய்க்குள்ள அடைஞ்சாலும் நிக்காது. போன கிழமை வவுனியா ஆசுப்பத்திரியில நெஞ்சைப் படம் எடுத்துப் பாத்தவை. அவருக்கு வந்த அதே புற்றுநோய்தானாம். என்ர சீவியத்தில நான் ஒண்டும் பத்தினதில்லைத் தம்பி, அவரோட ஒரே அறையில படுத்தனான், அவ்வளவுதான். நாளைக்கு ஓட்டோ வந்தா படலையைத் திறந்துகொண்டு வெளியில வந்து, சனம் பாக்க நிண்டு இருமுவன். ரஜிதனிட்டச் சொல்லுங்கோ, பயப்பட வேண்டாமெண்டு.