மில்ட்டன் பெயரில் வாங்கிய நம்பர்

டாக்டர்: இங்க மில்ட்டன் அகோஸ்ட்டான்னு போட்டிருக்கு.

மில்ட்டன்: நான்தான் டாக்டர்.

டாக்டர்: இது மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கான கிளினிக்.

மில்ட்டன்: தெரியும்.

நெலிதா: நான் அப்பவே சொன்னேன், வீட்டுக்குப் போயிடலாம்னு.

மில்ட்டன்: உக்காரு நெலி... இவ என் பெண்டாட்டி, டாக்டர். இவ பேர்ல நம்பர் கேட்டா, இந்த வருஷம் மூணு டாக்டரைப் பாத்தாச்சு, இனிமே அடுத்த வருஷம் மார்ச்லதான்னுட்டாங்க. என் மருத்துவ அட்டை நம்பரைச் சொன்னேன். வியாழக்கிழமை வாங்கன்னாங்க.

டாக்டர்: ஆம்பளையான்னு யாரும் கேக்கலையா?

மில்ட்டன்: சாப்பிடாம வரணும்னு மட்டும் சொன்னாங்க.

டாக்டர்: சரி. மில்ட்டன் ஐயா, உங்களுக்குக் கடைசியா எப்போ பீரியட்ஸ் வந்துச்சு?

மில்ட்டன்: போன வருஷம் ஆகஸ்ட்ல. அதுக்கு முன்னாடி வந்தா வரும், வராட்டி இல்ல.

நெலிதா: மில்ட்டன்...

டாக்டர்: விடுங்கம்மா, நல்லாத்தான் சொல்றாரு. உடம்பு திடீர்னு கொதிக்குதா?

மில்ட்டன்: பகல்ல எட்டு, ஒன்பது தடவை. ராத்திரி நாலு. நடுங்குற குளிர்ல ஜன்னலைத் திறந்து வைப்பா. நான் ரெண்டு கம்பளி போத்திக்குவேன்.

நெலிதா: நீ தூங்குறேன்னுல்ல நினைச்சேன்.

மில்ட்டன்: கண்ணை மூடிக்கிட்டுத்தான் எண்ணுவேன்.

டாக்டர்: அந்த மூணு டாக்டரும் என்ன சொன்னாங்க? இதை அம்மாவே சொல்லட்டும்.

நெலிதா: மொத ஆளு, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்னாரு. அடுத்தவரு, டான்ஸ் கிளாஸ்ல சேருங்கன்னாரு. மூணாவது ஆளு, மாத்தே டீயை நிறுத்துங்க, சுடச்சுடக் குடிக்கிறதாலதான் இந்தச் சூடுன்னாரு.

டாக்டர்: நிறுத்துனீங்களா?

நெலிதா: நாலு மாசம்.

டாக்டர்: உருகுவேல பொறந்துட்டு நாலு மாசம் மாத்தே குடிக்காமலா?

மில்ட்டன்: ஏதோ பெரிய வியாதின்னு சொந்தக்காரங்க எல்லாம் பாக்க வந்துட்டாங்க.

டாக்டர்: சூடு குறைஞ்சுதா?

நெலிதா: இல்ல. கோபம்தான் கூடிச்சு.

டாக்டர்: என்ன வேலை பாக்குறீங்க?

நெலிதா: பஸ் ஓட்டுறேன். இங்கருந்து மான்டெவிடியோ... ஆறரை மணி நேரம். ஒருநாள் வழியில பய்சந்துங்கிற ஊர்ல நிறுத்தணும். நிறுத்தாம போயிட்டேன். ஊர் தாண்டுனதே தெரியலை. பின்னாலருந்து ஒரு அம்மா வந்து தோளைத் தொட்டாங்க. தூக்கமே இல்ல டாக்டர். நாப்பத்தாறு பேர் உக்காந்திருக்காங்க. யாரையாவது கொன்னுடுவேனோன்னு பயமா இருக்கு.

மில்ட்டன்: இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே.

நெலிதா: இதை நீ எண்ணலை.

டாக்டர்: மார்புல கட்டி, கால்ல ரத்தம் உறைஞ்சது... உங்களுக்கோ குடும்பத்துலயோ யாருக்காவது? அம்மாவைத்தான் கேக்குறேன், ஐயா சும்மா இருங்க.

நெலிதா: இல்ல. பிரஷரும் சரியா இருக்கு. மார்பை ஏப்ரல்ல படம் எடுத்தேன், இந்தாங்க.

டாக்டர்: அப்ப ஹார்மோன் பட்டை ஆரம்பிக்கலாம். தொப்புளுக்குக் கீழ ஒட்டிக்கணும், வாரத்துக்கு ரெண்டு தடவை மாத்தணும். ராத்திரி ஒரு மாத்திரை, அது கர்ப்பப்பைக்குக் காவல். இதுல இருக்கிற நல்லது கெட்டது ரெண்டையும் சொல்றேன். கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. எடுத்துக்கிட்டா, மூணு மாசம் கழிச்சு நான் திரும்பப் பாக்கணும்.

நெலிதா: மில்ட்டன், உன் கைக்குட்டையைக் குடு.

டாக்டர்: ஏம்மா அழறீங்க?

நெலிதா: ஒண்ணுமில்ல... நீங்களே முடிவு பண்ணுங்கன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. எடுத்துக்குறேன் டாக்டர். ஆனா எல்லாத்தையும் சொல்லுங்க.

டாக்டர்: சொல்றேன். தூக்கம் திரும்ப சில வாரம் ஆகும். அதுவரைக்கும் பஸ்ஸைத் தொடாதீங்க, லீவுக்குச் சீட்டு எழுதித் தர்றேன்.

நெலிதா: வேண்டாம் டாக்டர்.

டாக்டர்: ஏன்?

நெலிதா: மில்ட்டன்... லீவுல இருக்கேன்னு உன்கிட்ட சொன்னது பொய். வேலையை விட்டுட்டேன். பதினேழு நாளாச்சு, டிப்போல கடுதாசி குடுத்துட்டேன்.

மில்ட்டன்: தெரியும். டிப்போ மேனேஜர் ஓல்கா அன்னைக்குச் சாயங்காலமே என்னைக் கூப்பிட்டா. கடுதாசியை மேஜைக்குள்ள போட்டு வச்சிருக்கா. மூணு வாரத்துக்குள்ள டாக்டர் சீட்டு வந்தா கிழிச்சுப் போட்டுடறேன்னா. வர்ற திங்கக்கிழமையோட மூணு வாரம் முடியுது... எழுதுங்க டாக்டர்.